சுற்றிப் போகவும்

ஐந்தே மாடி. இருந்தாலும் பெயர்ப்பலகையில் டவர்ஸ்.
குன்னூரில் இதைவிட உயரமாய்
எதிர்ச்சரிவுத் தேயிலையும் மழையும்தான் உண்டு.

ஐப்பசி பிறந்ததும் முன்கூடத்தைப் பெயர்த்தார்கள்.
ஒருநாள்கூடப் பூட்டக்கூடாதென்று முதலாளி உத்தரவு.
மூன்றாம் மாடியில் பல் வலி காத்திருக்காது,
நான்காம் மாடியில்
தேயிலை ருசிபார்க்கும் போஜன் சாருக்கு ஏலம் காத்திருக்காது.
பின்வாசல் திறந்தால் நேரே பள்ளம்.

அன்றிலிருந்து என் மேஜை நடக்கத் தொடங்கியது.
முதல் வாரம் படிக்கட்டுக்கு அடியில்,
அப்புறம் மணல் வாளிகளோடு ஒரு வரிசையில்,
அப்புறம் லிப்டுக்கு ஒரு முழம் தள்ளி.
கதவு திறக்கும்போதெல்லாம்
இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்,
பல் பிடுங்கிக்கொண்டவர்கள் மட்டும்
மரத்த வாயால் ஏதோ திட்டினார்கள்.
நல்லவேளை, புரியவில்லை.

கண்ணாடிக் கதவைக் கழற்றிய அன்று
மேகம் உள்ளே வந்தது.
வருகைப் பதிவேட்டில் மை பரவியது.
யாரைப் பார்க்கணும் என்று
அதனிடம் நான் கேட்காததுதான் பாக்கி.

வாசலிலிருந்து லிப்ட் வரை பலகைப் பாதை:
தூணை இடமாகச் சுற்றி,
சாரக்குழாயின் கீழ் குனிந்து,
பக்கெட்டுக்கு வழிவிட்டு.
பத்திலிருந்து பன்னிரண்டு வரை ட்ரில் கூடாது.
ஆனாலும் அறுபது கோப்பை உறிஞ்சித் துப்பிவிட்டு
போஜன் சார் இறங்கி வந்து சொன்னார்:
"இந்த வாரத் தூள் முழுக்க வார்னிஷ் அடிக்குது."

தரை வேலை இரவில்.
காலை எட்டுக்கு நான் வரும்போது
பசை மூட்டைகள் கம்பளி போர்த்தித் தூங்கும்.
கம்பளி இல்லாதவன் சுக்ராம்தான்.
குளிரில் பிடிக்காதாம்.
நூறு வாட் பல்புகளைத் தாழத் தொங்கவிட்டு
கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுவதுபோல்
தரைக்குக் காட்டிக்கொண்டிருப்பான்.
ஜார்க்கண்ட்காரன். தெரிந்த தமிழ் மொத்தம் மூன்று:
ஈரம்.
நில்லுங்க.
சுத்திப் போங்கோ.
மூன்றும் என்னிடம் கேட்டுப் பிடித்தவை,
அந்த 'கோ' மட்டும் அவன் ஊர்ச் சரக்கு.

நடுவில் பர்லியாறில் மண் சரிந்து
டைல்ஸ் லாரி இரண்டு நாள் நின்றது.
போட ஒன்றுமில்லை, அள்ள ஒன்றுமில்லை.
அப்போதும் எல்லாரும் பலகைமேல்தான் நடந்தார்கள்.

மார்கழியில் கோவையிலிருந்து இன்ஜினியர்.
குந்தி உட்கார்ந்து
ஒவ்வொரு கல்லையும் ஐந்து ரூபாயால் தட்டினார்.
டிக். டிக். டிக்.
என் மேஜைக்கு முன்னால் ஒன்று
டொக் என்றது.
இன்னொரு தடவை தட்டினார். டொக்.
அடியில் காற்று.
சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.
பெயர்த்தால் மறுபடி மூன்று நாள் பலகை,
மூன்று நாளும் சுக்ராம் கூலியில் பிடித்தம்.

அவர் போஜன் சாரிடம் டீ குடிக்க மேலே போனார்.
சுக்ராம் கல்லைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
தெரிந்த மூன்றில் ஒன்றைச் சொன்னான்:
"ஈரம்."
கல் காய்ந்து ஒரு வாரமாகியிருந்தது.

குறியைக் கைக்குட்டையால் துடைத்தேன்.
மூலையில் இருந்த பெரணித் தொட்டியை இழுத்தேன்.
அசையவில்லை.
மறுபக்கம் அவன் பிடித்தான்.
இறங்கி வந்த இன்ஜினியர்
நல்ல தேயிலை குடித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.
தொட்டியைப் பார்த்து, லட்சணமா இருக்கு என்றார்.

அவர்கள் கோத்தகிரிக்கு அடுத்த வேலைக்குப் போய்
ஒரு மாதம் இருக்கும்.
கண்ணாடி திரும்பி வந்துவிட்டது,
மேகம் இப்போது வெளியே நின்று துடைத்துப் பார்க்கிறது.
சாரமில்லை, பலகையில்லை.
போஜன் சார் இன்னமும் தூணை இடமாகச் சுற்றி
எதுவுமே இல்லாத இடத்தில் தலை குனிந்து
லிப்டுக்குப் போகிறார்.

நேற்று, கூட்டிப் பெருக்கும் ரெபெக்காள்
தொட்டியைக் கொஞ்சம் தள்ளட்டுமா, வழியை அடைக்குது என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

சுத்திப் போங்கோ
என்று வந்தது.