புள்ளிக்கு அந்தப் பக்கம்

களியலுக்கு மேலே எஸ்டேட்டில்
முந்நூற்றுப் பத்து மரம் எனக்கு.
சிரட்டைக்கு அறுபது மில்லி என்று வைத்தால்
பதினெட்டாயிரத்து அறுநூறு.
ஆயிரத்தால் வகுத்தால்
பதினெட்டு லிட்டர், புள்ளி, ஆறு.

டென்னிசன் சார் பதினெட்டு என்று எழுதுவார்.
புள்ளியைத் தாண்டி அவர் பேனா போனதில்லை.
"மில்லியெல்லாம் மருந்துக்கடையில பாரு, கிளாடிஸ்."

அறுநூறு மில்லி என்றால் பத்து மரம்.
பத்து மரம் என்றால்
நாலு மணி இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில்
பத்துக் குனிவு.
அட்டை கடித்ததைச் சேர்க்கவில்லை,
அதற்கு அலகு தெரியாது.

விட்டுப்போனதையெல்லாம்
மகனுடைய பழைய நோட்டின் பின்பக்கம் கூட்டினேன்.
ஒரு நாள் ஐந்நூறு, ஒரு நாள் முந்நூற்றைம்பது,
மழை பெய்து வெட்டாத நாள் சைபர்.
மாதத்துக்குப் பதிமூன்று லிட்டர் இருநூறு.
இருநூற்றிருபது மரம்
யாருக்கோ சும்மா சுரந்திருக்கிறது.

சனிக்கிழமை
அளவுக் கேனில் பதினெட்டுக் கோடுவரை மட்டும் ஊற்றினேன்.
மிச்சம் தண்ணீர் பாட்டிலில்.
"அது எங்க போவுது?"
"உங்க கணக்குல இல்லாதது சார், வீட்டுக்கு."
பிடுங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.
எழுதவில்லை.

திங்கட்கிழமை
ஆசிட் விடாமலே உறைந்துகிடந்தது.
கவிழ்த்தார், தட்டினார், வரவில்லை.
ஆபீஸ் முழுக்க நாற்றம்.
பால்வெட்டுக் கத்தியால் பாட்டிலைக் கிழித்தேன்.
அடிப்பக்க வரிகளோடு
பாட்டில் மாதிரியே ஒரு வெள்ளை ரப்பர்.
விரித்திருந்த பதிவேட்டில் வைத்தேன்.

"இதுதான் சார் அந்தப் புள்ளி.
பாத்து, மை கலையும்."