சமநிலை முறிக்கும் கேள்வி

ஆனிக் காத்துக்குப் பயந்து
ஸ்ரான்லி வீதி மண்டபத்துக்குள் மாற்றினோம்.
எட்டு மேசை, மேசைக்கு நாலு பேர்.
கைபேசிகளை எல்லாம் வாங்கி
பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு மூடினேன்.
கேள்விகளை எழுதியவன் நான்,
கூட்டுறவு வங்கியில் காசாளன்,
பதில் தெரியாத எதையும் கேட்காதவன்.

முதற் சுற்று தலைநகரங்கள்.
கனடா என்று வாய் மூடமுன்
மண்டபமே ரொறன்ரோ என்றது.
பிழை. ஒட்டாவா.
“அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?” என்று
முறைப்பாடு செய்தார் ஏழாம் மேசை செபநேசன்.
அவுஸ்திரேலியாவுக்கு மெல்பேண் என்றார்கள், சிட்னி என்றார்கள்.
நோர்வேக்கு மட்டும் எல்லாரும் சரி,
ஒஸ்லோவில் எல்லாருக்கும் ஒரு மச்சான்.
இலங்கை என்றதும் பேனைகள் தயங்கின.
“பாராளுமன்றம் இருக்கிற இடமோ,
பாஸ்போட்டுக்கு வரிசையில நிக்கிற இடமோ?” என்றாள் நிறோஜினி.
கோட்டே என்று என் தாளில் இருந்தது.
பின்னாலிருந்து ஒரு குரல், “நல்லூர்.”
நானூறு வருசம் பிந்திய பதில்.
அரைப் புள்ளி போட்டேன்.

பானங்கள்.
கருப்பநீர் கள்ளாகிவிடாமல்
முட்டிக்குள் எதைப் பூசுவது?
சுண்ணாம்பு என்று முந்திக்கொண்டது
பாதிரியாரின் மேசை.
எப்பிடித் தெரியும் பாதர்?
“எல்லாம் பாவசங்கீர்த்தனத்தில படிச்சதுதான்.”

தொலைக்காட்சிச் சிரிப்புத் தொடர்கள்.
படத்தில் இல்லாத ஆட்கள் சிரிக்கும் சத்தத்தைப்
பதிவு செய்து ஒட்டத் தொடங்கிய நாடு எது?
நாற்பது தாண்டிய மேசைகளுக்கு முட்டை.
அவர்கள் சின்னனாய் இருந்தபோது மின்சாரம் இல்லை.
சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து
பெடலைக் கையால் சுற்றி
டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள்.
கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவர்
நித்திரை தூங்குபவர்போல் இழுப்பார்.
அதற்குத்தான் சிரிப்போம்.
அந்தச் சிரிப்பை யாரும் பதிவு செய்யவில்லை.

பிறகு ஊர்ச் சங்கதி.
கோட்டைக்கு எத்தனை மூலை?
“அஞ்சு,” என்றாள் அந்தோனிற்றா, மணியை அமத்தாமலே.
“முழங்காலில போய்ப் பாத்தனான்.”
கண்ணிவெடி அகற்றும் பிரிவில் ஆறு வருசம் இருந்தவள்.
யாழ் வாசித்து மணல் திடலைப் பரிசாய் வாங்கியவன்
கதையில் அவனுக்குக் கண் தெரியுமா?
“தெரிஞ்சிருந்தா இந்த உவரை வாங்கியிருப்பானே?”
அதையும் சரியென்று எடுத்தேன்.

முடிவில் மூன்றாம் மேசையும் ஆறாம் மேசையும்
இருபத்தேழரையில் சமம்.
உறைக்குள் கை விட்டேன், தாள் இல்லை.
“ஆராவது ஒண்டு கேளுங்கோ” என்றேன் சபையைப் பார்த்து.

ஐந்தாம் மேசை, சோனகதெரு.
கடைசி இடம். கவலைப்படாமல்
நாலாவது கிளாஸ் நெல்லி ரசம் குடித்துக்கொண்டிருந்த
றமீஸ்தீன் கையைத் தூக்கினார்.
“தொண்ணூறாம் ஆண்டு, ஐப்பசி.
வெளிக்கிடச் சொல்லி எங்களுக்கு
எவ்வளவு நேரம் தந்தவை?”

மின்விசிறி சுற்றியது.
தெரியாத பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தார்கள்.
தெரிந்த பெரியவர்கள் மேசைவிரிப்பைப் பார்த்தார்கள்.
விதிப்படி முப்பது வினாடி.
மணிக்கூட்டைப் பார்க்க எனக்கு மறந்துபோயிற்று.

செபநேசன் எழும்பினார்.
ஏழாம் மேசைக்கு இதில் பங்கில்லை.
“ரெண்டு மணித்தியாலம்” என்றார்.
காசாளன் எனக்கு அந்தக் குரல் தெரியும்,
பழைய கடனின் மீதியைத்
தானாக வந்து சொல்பவர்களின் குரல்.
“சரி” என்றார் றமீஸ்தீன்.
அவ்வளவுதான். கிளாசை வைத்தார்.

பரிசு ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான்.
எந்த மேசைக்கு என்று நான் சொல்லமுன்
பிஸ்கட் தகரம் அதிரத் தொடங்கியது,
ரொறன்ரோவில் எழும்பிவிட்டார்கள்.
ஒருவரும் எடுக்கப் போகவில்லை.
றமீஸ்தீன் பெட்டிக்கு மேல் குனிந்து
ஒன்றைக் காம்புப் பக்கமாய் மணந்தார்.
“இன்னும் ரெண்டு நாள் வேணும்” என்றார்.