பத்தடி

மாசி வெயில் கால்வாயைப் பாதி குடித்திருந்தது.
எங்கள் தோட்டத்துக்குப் பின்னால்
இருபது வருஷமாக வழக்கில் கிடக்கும் காணியில்
ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்றது கினிப்புல்.
சிங்களத்தில் கினி என்றால் தீ.
பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வளர்ந்தது,
நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருஷம் ஒரு பீடித்துண்டு போதுமாயிருந்தது.
நாலு பலகை வீடு. சுனேத்ரா அக்காவின் தையல் மெஷின்.
ரிஸ்லியாவின் பரீட்சைச் சான்றிதழ்கள், லெமினேட் செய்தது,
உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
தீயணைப்பு வண்டி வரத்தான் வந்தது.
வந்து, ஒழுங்கைக்குள் திரும்ப முடியாமல்
முகத்துவாரம் ரோட்டிலேயே நின்று
சிவப்பாக அழுதுகொண்டிருந்தது.

இந்த வருஷம் போயா லீவில் சிரமதானம்.
மர்ஸூக் திரீவீலைப் பூட்டிவிட்டு மன்னாக் கத்தியோடு வந்தான்.
பேக்கரி சவரியான் கோதுமைமாச் சாக்குகளோடு.
சுனேத்ரா அக்கா புருஷனின் காற்சட்டையில்,
இடுப்பில் நாடா கட்டி.
வெட்டின புல்லைக் கொளுத்திவிடலாமே என்றான்
மூன்றாம் வீட்டுப் பொடியன்.
எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம்.
அவன் பேசாமல் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டான்.

துறைமுகத்தில் தீப்பிரிவில் வேலை செய்யும் டுவான் ரம்லி
நைலோன் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.
பலகைக்கும் புல்லுக்கும் நடுவே
பத்தடி வெறும் மண் வேண்டுமென்றார்.
நல்லது என்றோம். கயிறு நேராகப் போனது.
போய், என் குசினிக்குள் ஒரு பக்கத்தால் நுழைந்து
மறு பக்கத்தால் வெளியே வந்தது.

இரண்டு சீட்டு எடுத்துக் கட்டின குசினி.
பலகை, தகரம், மேலே நீலத் தறப்பாள்.
மூன்று மொழியிலும் ஏசினேன்,
தமிழில் மட்டும் கொஞ்சம் நீளமாக.
ஒருவரும் பதில் பேசவில்லை. வேலையும் செய்யவில்லை.
சுனேத்ரா அக்கா ஆணி பிடுங்கியை மடியில் வைத்துக்கொண்டு
என் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.
பிளேன்டீ ஆறி, எறும்பு வந்தது.

எனக்கு வாளி வரிசை ஞாபகம் வந்தது.
பொதுப் பைப்பிலிருந்து தீ வரைக்கும்
கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்த தண்ணீர்.
எனக்கு முன்னால் நின்றவரின் அப்பா
வேறொரு ஆடியில், வேறொரு தீயில்
எந்தப் பக்கம் நின்றாரென்று
நான் கேட்டதில்லை.
அன்றைக்கு வாளி கனமாயிருந்தது.
வாங்கினேன், கொடுத்தேன், வெறும் வாளியைத் திருப்பி அனுப்பினேன்.

முதல் ஆணியை நான்தான் பிடுங்கினேன்.
மீதியை அவர்கள்.
நூற்றிப் பதினேழு ஆணி, வளைவு தட்டி
பால்மா டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது சமையல் முன்னறையில்.
அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம்.
படுக்குமுன் ரெகுலேட்டரை இரண்டு தரம் தொட்டுப் பார்க்கிறேன்.
பத்தடிக்குள்ளால் கடற்காற்று வருகிறது,
கொஞ்சம் டீசல் மணத்தோடு.
பின்னேரங்களில் பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
என் குசினி இருந்த இடம் மிட் ஓஃப்.

மூன்றாம் கிழமை, விடிந்து பார்த்தால்
நடுவில் ஒரு சோஃபா.
பஞ்சு வெளியே தள்ளி, கால் ஒன்று இல்லாமல்.
யாருடையதென்று எல்லோருக்கும் தெரியும்.
மழை வரும்வரைக்கும் இருக்கட்டுமே என்றார் சவரியான்,
எங்கோ பார்த்துக்கொண்டு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு முனையைப் பிடித்தேன்.
மறுமுனைக்கு ஆள் வரும்வரை
பிடித்துக்கொண்டே நின்றேன்.
ரிஸ்லியா வந்தாள்.
கடைசியில், முணுமுணுத்துக்கொண்டு, சவரியானும் வந்தார்.

நேற்று ஒரு மழை பெய்தது.
இன்றைக்குக் கணுக்கால் அளவு பச்சை.
மர்ஸூக்கிடம் சாணைக்கல் கேட்டிருக்கிறேன்.