மைனஸ் இருபத்தெட்டில் ஜன்னல்

வின்னிபெக், ஜனவரி.
சிக்னலில் நின்றதும்
மூன்றாவது மாணவனும் தன் பக்கக் கண்ணாடியை
இரண்டு விரல் அளவு இறக்கினான்.
காற்று வேண்டுமாம்.
காற்று!
எச்சில் தரையில் விழுமுன் உறையும் ஊரில்.

பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறேன்.
என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.
பயத்தின் வாசம் எனக்குத் தெரியும்:
ஈரக் கம்பளிக் கையுறை, கொஞ்சம் பழைய காப்பி.
இது அது இல்லை.
இது என்னிடமிருந்து.

அக்டோபரில் ரொட்டியை விட்டேன்.
உருளைக்கிழங்கை, பீரை விட்டேன்.
வெள்ளிதோறும் தேவாலயக் கூடத்தில்
டார்க்கா பிடித்து அடுக்கும் பெரோகியை
வெண்ணெயும் வெங்காயமும் வழிய வழிய
பிறர் தின்னப் பார்த்திருந்தேன்.
முட்டை. பன்றி. சீஸ். மறுபடி முட்டை.
பெல்ட்டில் நான்கு புது ஓட்டை,
நானே ஆணி வைத்து அடித்தது.
ஊரே பாராட்டியது,
ஓரடி தள்ளி நின்று.

டார்க்கா மட்டும் மூச்சு விடவில்லை.
என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்பது ஒன்று;
இரவில் அவள் பக்கம் திரும்பிப் படுத்தால்
நிஜமாகவே விடவில்லை என்பது இன்னொன்று.

பாடத்துக்குப் பாடம் பல் தேய்த்தேன்.
நாக்கை ரத்தம் கசிய வழித்தேன்.
நீல மருந்தால் கொப்பளித்தேன்,
அரைமணி நேரம் நீலமாக நாறினேன்.
உள்ளங்கையைக் குவித்து ஊதி மோந்தால்
ஒன்றுமே தெரியவில்லை.
அவனவன் மூக்கு
அவனவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லாது.

நாலு மணிப் பாடத்துக்கு வந்தவள் மரிவிக் டும்லாவ்.
மெக்பிலிப்ஸ் தெருவில் நகப்பூச்சுக் கடையில் வேலை.
பெல்ட் போட்டாள், கண்ணாடியைச் சரிசெய்தாள்,
ஒருமுறை மூச்சை இழுத்து
‘அசிட்டோன்’ என்றாள்,
பஸ்ஸில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி.
‘நாள் முழுக்க என் கையில இருக்கிற வாசம் சார்.
உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?’

இல்லை, டாக்டர் பார்த்தாயிற்று, டயட்தான் என்றேன்.
‘நல்லவேளை. சர்க்கரைக்காரங்ககிட்ட இந்த வாசம் வந்தா
ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.
என் கஸ்டமர் ஒருத்தி...’
பச்சை விழுந்தது.
வண்டி போனது, வாக்கியம் அங்கேயே நின்றது.

வலது பக்கம் திரும்பு என்றேன்.
‘இது வாயில இல்ல சார்,’ திரும்பினாள்,
‘நுரையீரல்ல இருந்து வருது.
கொழுப்பு எரியுற புகை.
வாசலைக் கழுவினா அடுப்பு அணையுமா?’

எனக்குக் கொழுப்பு அதிகம் என்று
டார்க்கா இருபது வருடமாகச் சொல்கிறாள்.
எரியும்போது இப்படி ஊரைக் கூட்டும் என்று
இரண்டு பேருக்குமே தெரியாது.

‘தண்ணி குடிங்க. இண்டிகேட்டர் போடட்டுமா?’
போடு.
‘வாய் காயவே விடாதீங்க. பார்ஸ்லி மெல்லுங்க.
அது புகையை மறைக்கும், அவ்வளவுதான்.
சிலருக்கு மாசக்கணக்குல தானா அடங்கும்.
அவசரம்னா மாவுல கொஞ்சம் தின்னுங்க. கொஞ்சம்.’
நிறுத்தக் கோட்டைத் தாண்டி நின்றாள்.
நான் திட்டவில்லை.

அன்றிலிருந்து பின்சீட்டில் இரண்டு பாட்டில் தண்ணீர்.
அதன் பலனாக, அந்தப் பருவத்தில்
என்னிடம் படித்த எல்லோரும்
பெட்ரோல் பங்க் கழிப்பறை வாசலில்
பின்னோக்கி நிறுத்துவதில் கெட்டிக்காரர்கள்.
மரிவிக்கைத் தவிர.
அவள் தேர்வில் அதிலேயே தோற்றாள்.
இரண்டு பாடம் காசில்லாமல் எடுத்தேன்,
பனிக்குவியலில் பம்பரை இடித்து இடித்து.

போன வெள்ளி தட்டை நீட்டினேன்.
டார்க்கா மூன்று பெரோகி வைத்தாள்.
ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்,
ஒன்றை பக்கத்திலிருந்த பங்குத்தந்தையின் தட்டில் தள்ளினேன்.
மிச்சமிருந்ததை ஏழு கடியில் தின்றேன்.
பெல்ட் எதுவும் சொல்லவில்லை.

வீடு திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள்.
சிக்னலில் என் பக்கம் சாய்ந்து மோந்தாள்,
பால் கெட்டதா என்று பார்ப்பது போல.
‘இன்னும் கொஞ்சம் இருக்கு, ஓரெஸ்ட்’ என்றாள்.
முகத்தைத் திருப்பவில்லை.
பச்சை விழுந்து, பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
முன்கண்ணாடி முழுக்க ஆவி.
துடைக்கத் துணி எங்கே என்று
இரண்டு பேரும் தேடிக்கொண்டிருந்தோம்.