சைபர்

பாலாற்றுப் பாலத்தின் ஐந்தாவது தூணில்
வெள்ள அளவுகோல் எழுதும் வேலை வந்தது.
வெள்ளைப் பட்டை, அதன்மேல் கறுப்பு எண்,
அடிக்கு ஒரு கோடு.
கட்சிச் சுவர் எழுதுவதை விடச் சுலபம்.
சின்னம் சின்னதா இருக்குதுன்னு
எவனும் வந்து சட்டையைப் பிடிக்க மாட்டான்.

பழைய எண்கள் மங்கிக் கிடந்தன.
பத்து தெரிந்தது, எட்டு தெரிந்தது.
சைபரைத் தேடினேன்.
மணலைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டியது
என் தலைக்கு மேலே இரண்டு முழத்தில்
காற்றில் நின்றது.

உதவிப் பொறியாளருக்குப் போன் போட்டேன்.
"சார், சைபரை எங்க போட?"
"பழைய எடத்துலயே போடுபா. ரெக்கார்டு மாறக் கூடாது."
"அதுக்குக் கீழ?"
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.
"மைனஸ் போடு."

ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே
மைனஸ் ஒன்று எழுதினேன், மைனஸ் இரண்டு எழுதினேன்.
மைனஸ் எட்டில் சிமென்ட் முடிந்து
அடித்தளத்துக் கருங்கல் பல்லைக் காட்டியது.
இடையில் இருந்த ஆறு எங்கே போனது என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
இரண்டு லோடு என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.
ராத்திரியில் வந்தது. விலையும் குறைவு.

கரையோரத்து வேண்டாமிர்தம்
மடியில் முறத்தோடு, பீடி சுற்றும் கை நிற்காமல்
"இன்னாபா, தண்ணி வருமா?" என்றாள்.
பெயர் வைக்காத காலத்துப் புயல்களை
அவளுக்கு நன்றாகத் தெரியும்.
ஒன்று தறிக்குழியில் நாலு நாள் தண்ணீர் நின்ற வருஷம்.
இன்னொன்று, மாமனாரைப் புதைத்த இடத்தை
ஆறு அள்ளிக்கொண்டு போக,
யாருக்கு எங்கே பால் ஊற்றுவது என்று
குடும்பமே கையில் செம்போடு நின்ற வருஷம்.
இப்போது வைக்கிற பெயர்கள்
அவள் வாயில் நுழைவதில்லை.

கடல் இங்கிருந்து மூன்று மணி நேரப் பஸ்.
கரையைக் கடந்தது, வலுவிழந்தது என்று சொல்லி
டிவிக்காரர்கள் குடையை மடக்கிய பிறகுதான்
அது எங்களைப் பார்க்கக் கிளம்பும்.
வலுவிழந்ததற்கு அவசரமில்லை.
ஆந்திரா மலைமேல் இரண்டு நாள் தங்கும்.

கார்த்திகையில் வந்தது.
எங்களுக்கு வெயில். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.
ஆற்றில் மட்டும் செம்மண் நிறத்தில்
வேறு ஊர் மழை.
பையன்கள் கிரிக்கெட் ஆடிய இடம்
நுரையாய்ப் போவதைப்
பாலத்தில் நின்று எல்லோரும் படம் பிடித்தார்கள்.

கண்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிட்டார்கள்.
"அளவு எழுதினவர்தானே? பாத்துச் சொல்லுங்க."
"மைனஸ் ஒண்ணு சார்."
"அப்ப தண்ணியே இல்லியே?"
"இருக்குது சார். ஒரு எருமை போவுது."
"சைபரைத் தாண்டுச்சா?"
"தாண்டல."
எழுதிக்கொண்டார் போல. போனை வைத்துவிட்டார்.

அன்றிரவு வெள்ளம் மேலே ஏறவில்லை.
கரைதான் கீழே இறங்கியது.
முதலில் வேண்டாமிர்தத்தின் சமையல்கட்டு,
அப்புறம் பின்னாலிருந்த வேம்பு,
அது போகும்போது கரண்டையும் இழுத்துக்கொண்டு போனது.
பொழுது சாயும் முன்பே அவளைப்
பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்திருந்தோம்.
முறத்தை எடுக்க விடவில்லை என்று
விடியும்வரை, இருட்டில், என்னைத் திட்டினாள்.

காலையில் ஐந்தாவது தூண் அப்படியே நின்றது.
சைபரில் ஒரு சொட்டு ஈரமில்லை.
நானே சொல்லக் கூடாது,
எழுத்து நன்றாக வந்திருந்தது.

வீட்டுக்கு வந்து சுவரை நகத்தால் கீறினேன்.
உதிர்ந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் மணல்,
அதில் அரிசிக் குருணையளவு ஒரு கிளிஞ்சல் துண்டு.
டப்பாவில் கறுப்பு மிச்சம் இருந்தது.
வாசலில் குந்தி,
சுவர் தரையைத் தொடும் இடத்தில்
ஒரு சைபர் போட்டேன்.
அதற்குக் கீழே எத்தனை எண்ணுக்கு
இடம் விட வேண்டும் என்று தெரியாமல்
பிரஷ் காயும்வரை உட்கார்ந்திருந்தேன்.