ஊசி சிவப்பைத் தொடவில்லை

"தொடவேயில்லை, தெல்ஃபினா. சத்தியம்,"
என்றார் சபினோ, தொப்பியைக் கழற்றாமல்.
பெஞ்சில் கிடந்தது அவர் மினிபஸ்ஸின் ஹெட்,
வால்வெல்லாம் பிடுங்கி, காரத்தில் ஊறி,
குளிப்பாட்டிக் கிடத்திய பிள்ளைபோல் பளிச்சென்று.

எல் ஆல்தோவில் தண்ணீர் அவசரக்காரி.
கடலோரத்தில் நூறு டிகிரிவரை பொறுப்பவள்
இங்கே எண்பத்தேழிலேயே பொங்கிவிடுகிறாள்.
ரேடியேட்டர் மூடியின் ரப்பர் செத்திருந்தால்
லா பாஸிலிருந்து ஏறும் அந்த ஒரு மேடு போதும்.

நேர்கோலை முகத்தின்மேல் கிடத்தினேன்,
நீளவாக்கில், பிறகு மூலைக்கு மூலை.
விளக்கைப் பின்னால் பிடித்தேன்.
நடுவில் ஒரு கீற்று.
கதவுக்கடியில் தெரியுமே,
உள்ளே யாரோ இன்னும் தூங்கவில்லை என்று,
அந்த மாதிரி வெளிச்சம்.

ஃபீலர் தகடு: ஐந்து நுழைந்தது. பத்து. இருபது.
இருபத்தைந்து, வெண்ணெயில் இறங்குவதுபோல.
முப்பது தயங்கிற்று. பிறகு அதுவும்.
ஒரு மில்லிமீட்டரை நூறாக்கினால் அதில் முப்பது.
"மயிரிழைதானே," என்றார்.
"நாலு மயிர்," என்றேன். "நெருப்புக்கு அது திருவிழாத் தெரு."

கேம்ஷாஃப்ட்டை அதன் படுக்கையில் வைத்து
மூடிகளை இறுக்கிச் சுற்றிப் பார்த்தேன்.
சுற்றவில்லை.
நடுப் படுக்கை மட்டும் ஒரு பக்கமாய்த் தேய்ந்து
பழைய நாணயம்போல் வழுவழுத்திருந்தது.
இது இந்த வாரத்துத் தேய்மானம் இல்லை.

பக்கவாட்டில் அழுக்கைச் சுரண்டினேன்.
குத்தியிருந்தது: 20.
ஏற்கெனவே யாரோ இருபது சீவிய தலை.
2-க்கு வால் இல்லை.

ஒரூரோவில், குமெர்சிந்தோவின் பட்டறையில்,
எனக்குப் பத்தொன்பது வயது.
எண் அச்சு கைதவறி விழுந்து வால் உடைந்த நாள் தெரியும்.
மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான்.
அன்று கேம்ஷாஃப்ட்டை வைத்துப் பார்க்கவில்லை.
முகத்தை மட்டும் சீவினேன்.
அடியில் சமமாயிற்று. முதுகு வளைந்தே கிடந்தது.
ஒரு தலைக்கு முப்பது பொலிவியானோ,
மதியத்துக்குள் நாலு தலை.

மொத்தம் முப்பதுதான் எடுக்கலாம். மீதி பத்து.

"நாளை வாருங்கள்," என்றேன்.

கனத்த இரும்புப் பலகையில் ஹெட்டைக் கவிழ்த்தேன்.
இரு கோடிக்கும் அடியில் பித்தளைத் தகடுகள்.
நடு போல்ட்டுகளை, கொஞ்சம் கொஞ்சமாக,
எதிர்த்திசையில் வளையும்வரை இறக்கினேன்.
அடுப்பு, ரியோ செக்கோவில் மூடிப்போன பேக்கரியுடையது.
இருநூற்று முப்பது டிகிரி, ஐந்து மணி நேரம்.
சூடேறினால் இன்றும் சோம்பு மணக்கும்.
கதவைத் திறக்கக் கூடாது. ஆறுவதும் வேலைதான்.
கோக்கா இலையை அதக்கிக்கொண்டு
மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்,
மாவில்லாத மூட்டை, மணல்.
கோணலாக்கியதும் சூடுதான் என்று நினைத்தேன்.
பிறகு அதை நினைக்கப் பிடிக்காமல்
வால்வுகளைத் துடைத்தேன்.

காலையில் கேம்ஷாஃப்ட் இரண்டு விரலில் சுற்றியது.
நேர்கோலுக்கடியில் நாலு. அவ்வளவுதான்.
மெஷினில் ஏற்றி, நீல மை பூசி, ஆறு எடுத்தேன்.
கடைசி ஓட்டத்தில்
நடுவில் ஒட்டியிருந்த நீலம்,
ஒரு கைக்குட்டை அளவு, போயிற்று.
பழைய எண்ணுக்குப் பக்கத்தில் குத்தினேன்: 26.

சபினோ வந்தார். தொப்பி கையில் இருந்தது.
"அடுப்புக்கு எவ்வளவு?"
"ஒன்றுமில்லை. அடுப்பில் கேஸ் மிச்சமிருந்தது."
வெகுநேரம் முகத்தைத் தடவினார்.
"தொட்டது," என்றார். "ஊசி. இரண்டு முறை.
உள்ளே பதினாலு பேர், வரிசையில் பின்னால் ஒன்பது வண்டி.
நிறுத்தினால் முறை போய்விடும்."

தலையாட்டினேன்.
அவர் கட்டைவிரல் பக்கவாட்டுக்கு நகர்ந்து
எண்களின்மேல் நின்றது.
"இது பழசு, இது புதுசு. ரெண்டு ரெண்டுக்கும் வாலைக் காணோமே."

"போல்ட்டை நடுவிலிருந்து முறுக்கச் சொல்லுங்கள்," என்றேன்,
"மூன்று தவணையாக.
புது மூடி வாங்குங்கள்.
இனி வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள்."