அடிப்பக்கம்

படத்தில் அது வருவது நாலே நொடி,
வில்லனின் திசைகாட்டி.
நிறுத்தி நிறுத்தி தொண்ணூற்றாறு பிரேம் எடுத்தேன்.
அளவு சொல்ல ஆளில்லை;
பிடித்திருந்த கட்டைவிரல் நகத்தை
என் நகத்தோடு வைத்துக் கணக்குப் போட்டேன்.

ஐப்பசி. கூத்தாநல்லூரே நமுத்துக் கிடந்தது.
பிளாஸ்டிக் இழையும் ஈரம் குடித்து
பிரிண்டர் முனையில் கடுகாய்ப் பொரிந்தது.
ஜெமீலா சுருளைப் பிடுங்கி
அரிசி டிரம்முக்குள் புதைத்தாள்.
"சோத்துல வயர் வந்தா நீதான் திங்கணும்."

பதினோரு மணி நேர வேலை.
ஒன்பதாவதில் கரண்ட் போனது.
விட்ட இடத்தில் தொடங்கியதில்
இடுப்பைச் சுற்றி ஒரு கோடு,
உப்புத்தாளுக்கும் மசியவில்லை.

அடிப்பக்கம்?
கேமரா ஒருமுறைகூட அங்கே போகவில்லை.
இரண்டு ராத்திரி
திரையில் வெறும் வட்டத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.
பிறகு, வெண்ணாற்று மதகில்
ஷட்டர் தூக்கும் பல்சக்கரத்தை
அதே பதினேழு பல்லோடு பதித்தேன்.

ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் அன்வர்தீன்:
"இது படத்துல இல்லியே."
இல்லைன்னு யாரு பாத்தா?

ஒன்றுதான் உறுத்தியது.
வில்லன் எடுக்கும்போது மணிக்கட்டு இறங்கும்.
இது தொண்ணூறு கிராம்.
மூடியைக் கழற்றி
ஆற்று மணல் ஒரு பிடி கொட்டினேன்,
ரசீது கிடையாது.

"குடு பாப்பம்" என்று வாங்கினாள் ஜெமீலா.
இறங்கியது.